முப்பத்தெட்டு வயதில் எந்த விருதுக்கு எழுதுவது?

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் உதவிப் பேராசிரியர். நாம் எழுதும் நிரல் என்ன சொல்கிறதோ அதையேதான் கம்பைலர் இயந்திரத்துக்கு எடுத்துச் சொல்கிறதா என்று கணித முறையில் நிறுவுவது அவள் வேலை. "சார், எனக்கு முப்பத்தெட்டு முடியப்போகுது. இந்த வருஷம் ஏதாவது ஒரு தேசிய விருதுக்குப் பேர் கொடுங்கன்னு டீன் சொல்றார். எதுக்குப் போடலாம்?"

"ரெண்டு நாள் டயம் கொடும்மா" என்றேன். சட்டென்று பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. ஒரு பரிந்துரையை ஒழுங்காகத் தயாரிக்க ஒரு மாதமாவது பிடிக்கும். பத்து ஆண்டு வேலையை இரண்டு பக்கத்துக்குள் சொல்ல வேண்டும், கடிதம் தரக்கூடியவர்களைக் கேட்டுக் காத்திருக்க வேண்டும், நிறுவனத் தலைவரின் கையெழுத்துக்கு நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் போட்டு வை என்று சொல்வது எளிது. அப்படிச் சொன்னால் அவளுடைய ஒரு பருவ ஆராய்ச்சி அதிலேயே போய்விடும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். மாணவர்களுக்காகவும் இளைய சக ஆசிரியர்களுக்காகவும் நிறையப் பரிந்துரைக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒரு விருதை எடைபோட நான் பார்ப்பது இரண்டே விஷயம். உள்ளே நுழைய இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறது? உள்ளே உட்கார்ந்து நம் தாள்களைப் படிக்கப்போவது யார்? பணமும் பெருமையும் அதற்குப் பிறகுதான். இரண்டாவது கேள்வியைத்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் கேட்பதில்லை, கேட்காததால் அடிபடுகிறார்கள்.

முதலில் அவளுக்கு மூடிவிட்ட கதவுகள். முனைவர் பட்டம் முடித்த கையோடு கிடைக்கக்கூடியது, கணினி அறிவியலாளர்களின் சங்கமான ஏசிஎம் இந்தியாவின் முனைவர் ஆய்வேட்டு விருது. டிசிஎஸ் ஆதரவில் வழங்கப்படுவது, பரிசுத் தொகை 2 லட்சம் ரூபாய். இதன் பெரிய பலம், படிப்பவர்கள் எல்லோரும் கணினி அறிவியல்காரர்கள் என்பது. ஆய்வேட்டை முழுசாகப் புரட்டிப் பார்க்கத் தெரிந்தவர்கள். இன்று ஆய்வேட்டை ஒப்படைக்கும் நிலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், நெறியாளரிடம் நாளைக்கே போய் இதைப் பற்றிக் கேளுங்கள். ஒரு ஆய்வேட்டுக்கு ஒரு காலம்தான், தாண்டினால் திரும்ப வராது.

அடுத்தது அறிவியல் கழகங்கள். 1934-இல் சி. வி. ராமன் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் 1983 முதல் இளம் அறிவியலாளர்களை அசோசியேட் என்று தேர்ந்தெடுக்கிறது. டெல்லியில் இருக்கும் இந்திய தேசிய அறிவியல் கழகம், இன்சா, 1974-இல் இளம் அறிவியலாளர் பதக்கத்தைத் தொடங்கியது; இப்போது அந்த இடத்தில் யங் அசோசியேட் என்ற தேர்வு இருக்கிறது. 1987-இல் பிறந்த இந்திய தேசியப் பொறியியல் கழகமும் 1996-இலிருந்து இளம் பொறியாளர்களைக் கௌரவித்து வருகிறது. இவை எல்லாவற்றிலும் 35 வயது என்பதுதான் பழக்கமான எல்லை. என் மாணவி அதைத் தாண்டி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

இந்த 35 பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கணினி அறிவியலில் கோட்பாட்டுப் பக்கம் இருப்பவர்கள் இருபதுகளிலேயே பெரிய முடிவு ஒன்றை எட்டிவிட முடியும். ஒரு இயங்குதளத்தையோ கம்பைலரையோ கட்டி, அதை மற்றவர்கள் பயன்படுத்துமளவுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு அப்படி இல்லை. முப்பதில் பட்டம், முப்பத்திரண்டில் வேலை, முதல் மாணவனைப் பழக்கி எடுக்க இரண்டு ஆண்டு, ஆய்வகத்துக்கு சர்வர் வாங்க ஒரு ஆண்டு என்று கணக்குப் போட்டால், தன் சொந்தக் குழுவின் முதல் நல்ல வேலை வெளியே வரும்போது 36, 37 ஆகிவிடும். நடுவில் பிள்ளைப்பேறு வந்த பெண்களுக்கு இன்னும் தள்ளும். என் மாணவிக்கு நடந்தது இதுதான். அவள் 35-ல் சோம்பியிருக்கவில்லை, கட்டிக்கொண்டிருந்தாள்.

35-ஐத் தொடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மூன்று கழகங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், இயங்குதளம், கம்பைலர் என்று கட்டுகிற சிஸ்டம்ஸ் ஆட்களைப் பொறியியல் கழகத்துக்குப் போகச் சொல்வேன். அங்கே கணினிப் பொறியியலுக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் தனிப் பிரிவே இருக்கிறது, ஆகவே தாள்கள் நம் ஆட்கள் கைக்குப் போகும். கோட்பாட்டு ஆட்களுக்குப் பெங்களூர்க் கழகம் நல்லது. அசோசியேட் ஆனால் கழகக் கூட்டங்களில் இயற்பியல்காரரும் உயிரியல்காரரும் இருக்கும் அவையில் பேச வாய்ப்புக் கிடைக்கும். அந்தப் பேச்சுக்குத் தயாராவது, பிறகு எழுதப்போகும் எல்லாப் பரிந்துரைகளுக்கும் பயிற்சி.

2022 செப்டம்பரில் மத்திய உள்துறைச் செயலர் தலைமையில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் பிறகு, அறிவியல் அமைச்சகங்களும் அவற்றைச் சார்ந்த அமைப்புகளும் கொடுத்துவந்த விருதுகளில் பெரும்பகுதி நிறுத்தப்பட்டது. ஆகவே மூத்தவர்களின் பயோடேட்டாவைப் பார்த்து, "அவர் வாங்கிய அந்த விருதுக்கு நானும் போடுகிறேன்" என்று கிளம்புவதில் பயனில்லை. அந்த விருது இன்று உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி அவளுக்குத் திறந்திருப்பவை. மூன்று: விஞ்ஞான் யுவா, இன்ஃபோசிஸ் பரிசு, பிரதமர் தொடக்கநிலை ஆய்வு மானியம். கடைசியாகச் சொன்னது விருதே இல்லை என்று டீன் சொல்வார். அதற்கு வருகிறேன்.

விஞ்ஞான் யுவாவைப் புரிந்துகொள்ள அதன் தாய்வீட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் ஆய்வகங்களை நடத்தும் சிஎஸ்ஐஆர் அமைப்பின் முதல் தலைமை இயக்குநர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பெயரில் 1957-இல் நிறுவப்பட்ட பரிசு, 1958-இல் முதன்முதலாக நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனுக்குப் போனது. (அப்போது அவருக்கு ஏறக்குறைய 60 வயது. பரிசு இளைஞர்களுக்கானது என்று ஆனது பிற்பாடுதான்.) பின்னாளில் 45 வயது எல்லை, 5 லட்சம் ரூபாய், 65 வயது வரை மாதம் 15,000 ரூபாய் என்று நிலைபெற்றது. இந்தியாவில் இருந்து செய்த வேலைக்கு, அதுவும் முந்தைய ஐந்து ஆண்டு வேலைக்கு என்பது விதி. துறைகள் ஏழு. அந்த ஏழில் கணினி அறிவியல் என்று ஒன்று இல்லவே இல்லை.

அப்படியானால் நம் ஆட்கள் எப்படி வாங்கினார்கள்? இரண்டு வாசல்களில் பிரிந்து போய் வாங்கினார்கள். கணிதத்தின் வாசலில் 2008-இல் ஜெய்குமார் ராதாகிருஷ்ணன், 2016-இல் நவீன் கார்க், 2018-இல் அமித் குமார், 2021-இல் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் சாகேத் சௌரப். பொறியியலின் வாசலில் 2010-இல் சங்கமித்ரா பந்தோபாத்யாய், 2014-இல் சௌமென் சக்ரவர்த்தி, 2019-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் மாணிக் வர்மா, 2021-இல் தேப்தீப் முகோபாத்யாய். முதல் வரிசையில் அல்காரிதம்களும், ஒரு கணக்கைத் தீர்ப்பது கணினிக்கு எவ்வளவு கடினம் என்று ஆராயும் சிக்கல்தன்மைக் கோட்பாடும். இரண்டாவது வரிசையில் இயந்திரக் கற்றல், தரவு, வன்பொருள் பாதுகாப்பு. எந்த வாசலில் நிற்கிறோமோ அந்த வாசல்காரரின் கண்ணுக்கு நம் வேலை தெரிய வேண்டும்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி, ஒரே கட்டுரையில் பெயர் போட்ட மூவரின் கதை. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியிலிருந்து மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு எண் பகா எண்ணா என்று கண்டறிய, எந்த யூகத்தையும் சாராத, குலுக்கல் கலக்காத, எண்ணின் இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பல்லுறுப்புக் கோவை அளவிலேயே (அதாவது எண் நீண்டாலும் கட்டுக்கடங்காமல் பெருகாதபடி) நேரம் எடுக்கும் வழி ஒன்று உண்டு என்று காட்டினார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்த பையன்கள். கட்டுரை 2004-இல் கணித இதழ்களில் உச்சமான அனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸில் வந்தது. 2006-இல் மூவரும் கோட்பாட்டுக் கணினி அறிவியலின் உயர்ந்த பரிசுகளில் ஒன்றான கோடல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் நாட்டில் இவர்களுக்குப் பட்நாகர் பரிசு எப்போது வந்தது? அகர்வாலுக்கு 2003-இல், இதழில் அச்சாவதற்கும் முன்பே. சக்சேனாவுக்கு 2018-இல். கயாலுக்கு 2022-ஆம் ஆண்டுக்கான பட்டியலில், அதாவது பழைய வடிவில் வெளிவந்த கடைசிப் பட்டியலில். மூன்றுமே கணிதப் பிரிவில். முதல் பெயருக்கும் மூன்றாவது பெயருக்கும் நடுவே பத்தொன்பது ஆண்டுகள்! இளையவர்கள் இருவரும் அந்த ஒரு கட்டுரையின் நிழலிலேயே நிற்கவில்லை, இயற்கணிதச் சிக்கல்தன்மையில் தங்களுக்கென்று தனித்தனியாக வேலை செய்து முடித்த பிறகுதான் அழைப்பு வந்தது. 38 வயதில் என்னைத் தேடி வருகிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். சக்சேனாவுக்கு 37-இல் வந்தது, கயாலுக்கு நாற்பதைத் தாண்டி வந்தது. பொறுமை இங்கே ஒரு கணக்கு.

2023-இல் அரசு எல்லாவற்றையும் மாற்றி ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் என்று அறிவித்தது. நான்கு வகை. அதில் 45 வயது வரை உள்ளவர்களுக்கானது விஞ்ஞான் யுவா, பட்நாகரின் பெயர் அதோடு ஒட்டியிருக்கிறது. ஆண்டுக்கு அதிகபட்சம் 25 பேர். பதக்கமும் சான்றும் உண்டு, பணம் கிடையாது. முதல் விழா 2024 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் மாளிகையில் நடந்தது. துறைகள் ஏழிலிருந்து பதின்மூன்றாகின. அவற்றில் ஒன்றின் பெயர்: கணிதமும் கணினி அறிவியலும்.

இந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சி. அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நம் துறைக்கு அரசுப் பட்டியலில் பெயர் கிடைத்திருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் ஒரு துறைக் கட்டத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் அதைப் படிக்கும் ஆளும் மாறிவிடுவார் என்று எண்ண வேண்டாம். முதல் ஆண்டில் அந்தக் கட்டத்தில் விஞ்ஞான் யுவா பெற்றவர் எண் கோட்பாட்டாளர் மகேஷ் ககடே. மிகத் தகுதியானவர், அதில் இரண்டு கருத்து இல்லை, ஆனால் கணிதர். 2025-இல் அதே கட்டத்தில் ஒரு கணிதரும் சென்னை ஐஐடியின் குறியாக்கவியல் ஆய்வாளர் சுவேதா அகர்வாலும் வந்தார்கள். அதே ஆண்டில் கணினி நினைவக மேலாண்மையில் வேலை செய்யும் பெங்களூர் ஐஐஎஸ்சியின் அர்கப்ரவ பாசு எந்தக் கட்டத்தில் வந்தார்? பொறியியலில். டெல்லி ஐஐஐடியில் கணினிவழி உயிரியல் செய்யும் தேபர்கா சென்குப்தா உயிரியலில் வந்தார். ஆக, பழைய இரண்டு வாசல்கள் அப்படியே இருக்கின்றன, பக்கத்தில் மூன்றாவதும் திறந்திருக்கிறது.

எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்பதுதான் விஞ்ஞான் யுவாவில் எடுக்க வேண்டிய மிகப்பெரிய முடிவு என்று நான் நினைக்கிறேன். என் மாணவி கணிதத்துக்குப் போகத்தான் ஆசைப்பட்டாள். "நான் தேற்றம்தானே சார் நிரூபிக்கிறேன்?" உண்மைதான். ஆனால் அவள் நிரூபிப்பது ஒரு பெரிய தேற்றம் அல்ல, ஆயிரக்கணக்கான சின்னத் தேற்றங்கள். அவற்றைக் கணினியே சரிபார்க்கிறது. எண் கோட்பாட்டாளர் ஒருவர் அதைப் புரட்டினால், "இதில் வியக்க என்ன இருக்கிறது?" என்று நேர்மையாகவே கேட்பார். அதே வேலையை ஒரு பொறியாளரிடம் வேறு மாதிரி சொல்லலாம். 2011-இல் யூட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று சி-ஸ்மித் என்ற கருவியைக் கொண்டு, தற்செயலாக உருவாக்கிய நிரல்களைப் புகழ்பெற்ற சி கம்பைலர்களுக்குள் ஓட்டிப் பார்த்தது. அதுவரை யாரும் அறியாத 325-க்கும் மேற்பட்ட பிழைகள் வெளிவந்தன. கம்ப்செர்ட் என்ற, சேவியர் லெராய் குழு நிரூபித்துக் கட்டிய கம்பைலரில் மட்டும், நிரூபிக்கப்பட்ட நடுப்பகுதிக்குள் அந்த வகைப் பிழை ஒன்றுகூட அகப்படவில்லை. பாலம் கட்டுகிறவருக்கும் விசையாழி செய்கிறவருக்கும் இது உடனே புரியும். தவறு நேராது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு சிக்கல், நம் வேலை அச்சாகும் இடம். வேதியியலில் இதழ்தான் எல்லாம், மாநாடு என்பது போஸ்டர் ஒட்டிவிட்டு வரும் இடம். நம் துறையில் தலைகீழ். ஸ்டாக், ஃபாக்ஸ், பாப்பல், பிஎல்டிஐ, ஆஸ்ப்ளாஸ் போன்ற மாநாடுகளில் ஒரு கட்டுரை ஏற்கப்படுவதற்கு மூன்று நான்கு பேரின் கடுமையான மதிப்பீட்டைத் தாண்ட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பரிந்துரைத்த ஓர் இளைஞரின் தாள்கள் திரும்பி வந்தபோது, தெரிவுக் குழுவில் இருந்த ஒருவர் பின்னால் என்னிடம், "நல்ல பையன்தான், ஜர்னல் பேப்பர் போதவில்லை" என்றார். அந்தப் பையனின் மூன்று மாநாட்டுக் கட்டுரைகளும் உலகில் யாரும் பொறாமைப்படக்கூடியவை. தவறு குழுவினுடையது என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். அவை என்ன மாநாடுகள் என்று ஒரே ஒரு வரி நான் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

ஆசிரியர் வரிசையும் அப்படித்தான். கோட்பாட்டுக் கட்டுரைகளில் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் வரும். அகர்வால், கயால், சக்சேனா என்பது அகரவரிசைதான், யார் அதிகம் செய்தார் என்பதற்கான குறி அல்ல. வேறு துறை நடுவர் ஒருவர், "இவர் மூன்றாவது ஆசிரியர்தானே" என்று ஒரே கணத்தில் முடிவு செய்துவிட முடியும். அதனால் சிஸ்டம்ஸ் ஆளாக இருந்தாலும் கோட்பாட்டு ஆளாக இருந்தாலும், தன் துறை வழக்கத்தைப் பரிந்துரையின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

இப்போது இன்ஃபோசிஸ் பரிசு. தங்கப் பதக்கமும் 1 லட்சம் அமெரிக்க டாலரும். நாட்டில் அறிவியலுக்குக் கொடுக்கப்படும் பரிசுகளில் தொகையால் மிகப் பெரியவற்றில் ஒன்று. இங்கே பொறியியலும் கணினி அறிவியலும் ஒரே பிரிவு. கணிதத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. அதன் வழியாகவும் நம் ஆட்கள் வந்திருக்கிறார்கள், அகர்வால் 2008-இலும் கயால் 2021-இலும். நடுவர் குழுக்களில் நம் வேலையை உள்ளபடி படிக்கக்கூடியவர்கள் இருந்துவருகிறார்கள். கணினிக் கட்டமைப்பு ஆய்வில் பெயர்பெற்ற, மறைந்த எம்ஐடி பேராசிரியர் அர்விந்த் பொறியியல், கணினி அறிவியல் குழுவுக்குத் தலைமை வகித்த ஆண்டுகளும் உண்டு. யார் படிப்பார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இந்தியாவில் கிடைப்பது கடினம்.

ஆனால் மற்ற கணக்குகள் எல்லாம் எதிராக இருக்கின்றன. ஆண்டுக்கு அந்தப் பிரிவில் ஒரே ஒருவர். 2019-இல் பம்பாய் ஐஐடியின் சுனிதா சராவகி, 2020-இல் சென்னை ஐஐடியில் படித்து எம்ஐடியில் இருக்கும் ஹரி பாலகிருஷ்ணன். 2022-இல் திரவ இயக்கவியல், 2023-இல் காற்று மாசு. ஆக, நம் துறைக்கு எல்லா ஆண்டும் வராது. 2024-இல் ஒரு பெரிய மாற்றம்: 50 ஆக இருந்த வயது வரம்பு 40 ஆனது. இளையவர்களை ஊக்குவிக்கும் நோக்கம் நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் அதே விதி முன்பே இருந்திருந்தால் 2021-இல் 42 வயதுக் கயாலுக்குக் கிடைத்திருக்காது. மாற்றத்துக்குப் பிறகு பொறியியல், கணினி அறிவியல் பிரிவில் வந்த இருவரையும் பாருங்கள். 2024-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷியாம் கொல்லகோட்டா, 2025-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சுஷாந்த் சச்தேவா. இருவருமே அருமையான ஆய்வாளர்கள். வலையமைப்பு ஒன்றில் அதிகபட்சம் எவ்வளவு பாய்ச்ச முடியும் என்ற பழைய சிக்கலைக் கிட்டத்தட்ட நேர்கோட்டு நேரத்தில், அதாவது வலையமைப்பு வளரும் அதே விகிதத்தில் வளரும் நேரத்தில், தீர்த்த 2022-ஆம் ஆண்டுக் கட்டுரையில் சச்தேவாவும் ஒருவர். அந்த முடிவை வகுப்பில் சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இரண்டு ஆண்டுகளை வைத்துப் போக்கு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் காரணத்தை யோசிக்க முடியும். 40-க்குள் உச்சத்தைத் தொட வேண்டுமானால் 30-இலேயே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். நல்ல மாணவர்கள், நல்ல நிதி, குறைவான வகுப்புச் சுமை எல்லாம் முதல் நாளிலிருந்தே கிடைக்கும் இடங்களில் அது நடக்கும். இந்தியாவில் இருந்து சிஸ்டம்ஸ் வேலை செய்கிறவருக்கு 40 என்பது மிகக் குறுகிய கதவு, 45 அகலமான கதவு. அந்த ஐந்து ஆண்டு வித்தியாசம்தான் என் மாணவி விஷயத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்தது.

தவிர, இன்ஃபோசிஸ் பரிசுக்கு நாமே நம்மைப் பரிந்துரைத்துக்கொள்ள முடியாது. டீன் போடச் சொன்னார் என்று போடக்கூடிய விஷயம் இல்லை. வேலையை நன்கு அறிந்த மூத்தவர் ஒருவர் தானாக மனம் வைத்து எழுத வேண்டும். நாம் செய்யக்கூடியது, அப்படிப்பட்டவர்களுக்கு நம் வேலை தெரிந்திருக்கும்படி பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

கடைசியாக மானியம். அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனம், 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்தது, ஆய்வு மானியங்கள் கொடுத்துவந்த பழைய வாரியமான செர்ப் இதற்குள் கரைந்துவிட்டது. அது 2024-இல் தொடங்கிய பிரதமர் தொடக்கநிலை ஆய்வு மானியத்தில் மூன்று ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வயது வரம்பு 42. உதவிப் பேராசிரியர் நிலையில் இருப்பவர்களுக்கானது. முன்பு வேறு தொடக்கநிலை மானியம் வாங்கியவர்கள் மட்டும் விதிகளை நிதானமாகப் படித்துவிட்டுப் போடவும்.

"இது விருது இல்லையே?" என்று டீன் கேட்பார் என்று சொன்னேன் அல்லவா? கேட்கட்டும். 60 லட்சத்தில் ஒரு இளநிலை ஆய்வாளரை மூன்று ஆண்டு வைத்துக்கொள்ளலாம், ஆய்வகத்துக்கு சர்வர்கள் வாங்கலாம், மாணவர்களை மாநாட்டுக்கு அனுப்பலாம். விருதுக் குழு கடந்த காலத்தைப் படிக்கிறது, மானியக் குழு வரப்போகும் மூன்று ஆண்டைப் படிக்கிறது. முன்மொழிவு எழுதும்போதே அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று நமக்கே தெளிவாகிவிடும். அது கிடைக்காமல் போனாலும் எழுதிய பக்கங்கள் வீணாகாது. விருதுப் பரிந்துரை கிடைக்காமல் போனால் அந்த மாதம் போனதுதான்.

பொறியியல் கல்லூரிகளிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிற என் நண்பர்களுக்கு இதை இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். மேலே நான் அடுக்கிய பெயர்களைத் திரும்பப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் எல்லாம் ஐஐடி, ஐஐஐடி, ஐஐஎஸ்சி, டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் (டிஐஎஃப்ஆர்), கணித அறிவியல் நிறுவனம், புள்ளியியல் கழகம், பெருநிறுவன ஆய்வகம். திறமை அங்கே மட்டும் இருக்கிறது என்று நான் நம்பவில்லை. நேரமும் ஆளும் பணமும் அங்கே இருக்கின்றன. அவற்றில் பணத்தையும் ஆளையும் மானியம் கொண்டுவரும். கல்லூரிக்கு மானியம் வந்தால் வகுப்புச் சுமையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவும் ஒரு பிடி கிடைக்கும்.

ஆகவே அவளிடம் நான் சொன்னது இது. இந்த ஆண்டு மானியத்துக்கு எழுது, 42 வரை காத்திருக்காதே. இன்ஃபோசிஸுக்கு இரண்டு ஆண்டுதான் மிச்சம், அதை மனசிலேயே வைக்காதே. யாராவது எழுதினால் எழுதட்டும். விஞ்ஞான் யுவாவுக்கு ஏழு ஆண்டு இருக்கிறது. இப்போது போட்டால் கம்பைலர் வேலை பாதியில் நிற்கும் நிலையில் போடுகிறாய். 41-இலோ 42-இலோ, மானியத்தில் கட்டிய கருவியை வெளியே நாலு பேர் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு போடு. போடும்போது பொறியியல் கட்டத்தில் போடு.

கடைசி வரிக்குத்தான் அவள் தயங்கினாள். "அங்க எல்லாரும் சிவில், மெக்கானிக்கல் ஆளுங்களா இருப்பாங்களே சார், என் பேப்பரை எப்படிப் படிப்பாங்க?"

"உங்க காலேஜ்ல சிவில் டிபார்ட்மென்ட் இருக்குல்ல?" என்றேன்.

நேற்று மின்னஞ்சலில் ஒரு தாள் அனுப்பியிருந்தாள். தன் சிறந்த கட்டுரையைப் பற்றி அரைப் பக்கத்தில் எழுதி, கான்கிரீட் ஆய்வு செய்யும் சக பேராசிரியரிடம் கொடுத்திருக்கிறாள். அவர் படித்துவிட்டுத் தனக்குப் புரியாத சொற்களைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுத் தந்திருக்கிறார். மொத்தம் பதினேழு. அவற்றில் ஐந்தை அவள் ஏற்கெனவே மாற்றிவிட்டாள், மிச்சம் பன்னிரண்டுக்கு என்னிடம் தமிழிலாவது ஆங்கிலத்திலாவது எளிய சொல் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.